8.4 மீட்டரில் வந்த பாறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தென்பெண்ணையில் போய்ச் சேரும் ஒரு சிற்றாற்றின் குறுக்கே கட்டிய பாலத்தைப் பற்றியது இது. காவேரிப்பட்டினத்துக்கும் ஊத்தங்கரைக்கும் இடையில் என்பதோடு இடத்தை நிறுத்திக்கொள்கிறேன். ஆறு கண் பாலம், ஒவ்வொரு கண்ணும் 25 மீட்டர். இரு கரையிலும் அபட்மெண்ட் எனும் கரைத்தாங்கி, நடுவில் ஐந்து தூண்கள். தூணுக்கு நான்கு பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளக் கால்), அபட்மெண்டுக்கு ஆறு, ஆக மொத்தம் 32. எல்லாமே 1.2 மீட்டர் விட்டத்தில் துளையிட்டு அங்கேயே வார்க்கும் பைல்கள். ஒன்று தாங்க வேண்டிய சுமை 320 டன். மேற்பார்வைக் குழுவில் தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு.

மூன்றாவது தூணின் இரண்டாவது பைலுக்குத் தளத்தில் பி3-2 என்று பெயர். அது எல்லாச் சோதனையிலும் தேறியது. காங்கிரீட்டின் அளவு சரி, கியூப் (சோதனைக் கட்டி) வலிமை சரி, குழாய்கள் வழியே ஒலி அனுப்பிப் பார்த்த சோதனையும் சரி. ஆனால் அந்தப் பைல் பாறைமேல் நிற்கவில்லை. மண்ணுக்குள் கிடந்த ஒரு பெரிய குண்டுக்கல்லின் மேல் நின்றது. அந்த ஆழத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று எழுதிய தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுவதற்கு அதுதான் முதல் காரணம்.

ஆழங்களை எல்லாம் ஆற்றுப் படுகை மட்டத்திலிருந்து கீழ்நோக்கிச் சொல்கிறேன்.

மண்ணுக்குள் இருக்கும் மலை

கிருஷ்ணகிரிப் பக்கம் பேருந்தில் ஒருமுறை போனவர்களுக்குக்கூட இந்த நிலத்தின் முகம் தெரியும். ஊரை ஒட்டி நிற்கும் சையத் பாஷா மலையானாலும் சரி, ராயக்கோட்டை மலையானாலும் சரி, சரிவெல்லாம் யானை யானையாக உருண்டைக் கற்கள். அவை எங்கிருந்தோ உருண்டு வந்தவை அல்ல, அங்கேயே உருவானவை. அடியில் இருப்பது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையான நைஸ், சார்னோகைட் பாறைகள். அவற்றில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் ஓடும். மழைநீர் அந்த வெடிப்புகளில் இறங்கி, இருபுறமும் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மக்க வைக்கும். வெடிப்புகளுக்கு நடுவில் மாட்டிய கட்டியின் முனைகளில் மூன்று பக்கத்திலிருந்தும் தண்ணீர் வேலை செய்வதால் அவைதான் முதலில் கரையும். நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சும்.

சுற்றியிருந்த மக்கிய மண்ணை மழை அடித்துக்கொண்டு போன இடத்தில் அந்த உருண்டைகள் மலைமேல் வெளியே தெரிகின்றன. மண் போகாத இடத்தில், பலாச்சுளைக்குள் கொட்டை மாதிரி, உள்ளேயே கிடக்கின்றன. பைல் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. கல் பிறந்த இடத்திலேயே, திரும்பாமல் புரளாமல் கிடப்பதால், அதிலுள்ள கனிமக் கோடுகளின் சாய்வுகூடக் கீழே உள்ள தாய்ப்பாறையின் சாய்வைப் போலவே இருக்கும். நிலவியல் படித்தவர் ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாலும் இது பாறையா, மிதக்கும் கல்லா என்று அந்த ஒரு துண்டை வைத்துச் சொல்வது கடினம்.

வடிவமைப்புக்காகத் தூணுக்கு ஒன்று வீதம் ஆய்வுத்துளை போட்டிருந்தார்கள். மூன்றாவது தூணில் போட்ட துளையின் கதை இப்படி: 4.5 மீட்டர் வரை பருமணல், 7 மீட்டர் வரை கிராவல் கலந்த செம்மண், அதற்குக் கீழே 12.4 மீட்டர் வரை மக்கிய பாறை, பிறகு கெட்டிப் பாறை. அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் 76 மில்லிமீட்டர் துளை ஒன்று, தான் இறங்கிய இடத்தை மட்டும்தான் பார்க்கும். இரண்டு மீட்டர் தள்ளி ஒரு லாரி அளவு கல் புதைந்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

அந்த இரவு

ஏப்ரல் மாதம். ஆறு வறண்டு கிடந்தது. மேல்பகுதியில் மழை தொடங்கி ஜூனில் தண்ணீர் வந்துவிட்டால் படுகையில் ரிக் என்ற துளையிடும் இயந்திரம் நிற்க முடியாது என்பதால் இரவும் பகலும் வேலை ஓடியது. மூன்றாவது தூணில் 1, 3, 4 ஆகிய பைல்கள் முடிந்திருந்தன. அவற்றில் பாறை வந்த ஆழம் 12.1, 12.6, 12.9 மீட்டர். கடைசியாக இரண்டாவது.

மணலைத் தாண்டும் வரை கேசிங் எனும் இரும்புக் குழாய், அதற்குக் கீழே சுவர் சரியாமல் இருக்கப் பென்டோனைட் களிமண் குழம்பு. 8.4 மீட்டரில் ரிக் திடீரென்று முனகத் தொடங்கியது. மண் அள்ளும் பக்கெட்டைக் கழற்றிவிட்டு, பாறையைக் குடையும் கோர் பேரலை மாட்டினார்கள். முழு அழுத்தத்தில் அரை மணி நேரம் சுழற்றி 10 சென்டிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் பாறை தொடங்கிவிட்டது என்று கொள்வது எங்கள் தளத்தில் வகுத்திருந்த விதி. அன்று இறங்கியது 7 சென்டிமீட்டர்.

என்னை அழைத்தார்கள். நான் போய்ச் சேரும்போது இரவு பதினொன்று இருக்கும். தகரத் தட்டில் கழுவி வைத்திருந்த சில்லுகளைப் பார்த்தேன். மேலே இருந்தவை லேசாகப் பழுப்பு, அடுத்தவை புதிய சாம்பல் நிறம், விளிம்பு கையைக் கிழிக்கும் கூர்மை. “இங்க பாறை மேல எழும்பியிருக்கு சார்” என்றார் ஒப்பந்ததாரரின் இளம் பொறியாளர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாறையின் மேல்முகம் சமதளமாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. விதிப்படி அங்கிருந்து ஒரு விட்டம், அதாவது 1.2 மீட்டர், பாறைக்குள் குடைந்து முடித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்கு மீட்டர் குறைவாகத் தோண்டினால் போதும் என்பது அந்த நேரத்தில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது, எனக்கும் சேர்த்து. நல்ல செய்தியைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.

குடைந்து முடிக்க மறுநாள் காலை பத்து மணி ஆனது. முடிவு ஆழம் 9.6 மீட்டர்.

அதற்குப் பிறகு நடந்த வேலையில் இன்றும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. அடியைத் துப்புரவு பக்கெட்டால் வழித்தார்கள். குண்டு கட்டிய கயிறு இறக்கி ஆழம் பார்த்தோம், 9.6. கம்பிக்கூடு இறக்கியபின் மறுபடி பார்த்தால் 9.55. ஐந்து சென்டிமீட்டர் வண்டல் படிந்திருந்தது. காற்றழுத்தக் குழாய் விட்டு மறுபடி சுத்தம் செய்து 9.6-க்குக் கொண்டுவந்த பிறகுதான் காங்கிரீட்டுக்கு அனுமதி கொடுத்தேன். அடியிலிருந்து எடுத்த குழம்பின் அடர்த்தி 1.11. எங்கள் வரம்பு 1.12.

எம்35 காங்கிரீட், கன மீட்டருக்கு 400 கிலோவுக்குக் குறையாத சிமெண்ட். இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் அளவு முதல் வண்டியில் 165, இரண்டாவதில் 170 மில்லிமீட்டர். காங்கிரீட்டை அடியிலிருந்து நிரப்ப இறக்கும் டிரெமி குழாயின் நுனி எப்போதும் காங்கிரீட்டுக்குள் இரண்டு மீட்டராவது புதைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு குழாயைக் கழற்றும் முன்பும் கணக்குப் பார்த்தோம். நுனி ஒருமுறை மேலே வந்துவிட்டால் குழம்பும் சேறும் காங்கிரீட்டுக்கு நடுவில் ஒரு தட்டாகப் படிந்துவிடும். அதைப் பிறகு சரிசெய்யவே முடியாது.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1.2 மீட்டர் விட்டத்துக்குக் குறுக்குப் பரப்பு 1.13 சதுர மீட்டர். 6 கன மீட்டர் வண்டி ஒன்றைக் கொட்டினால் துளைக்குள் மட்டம் 5.3 மீட்டர் உயர வேண்டும். குறைவாக உயர்ந்தால் எங்கோ சுவர் பெயர்ந்து துளை அகன்றிருக்கிறது, அதிகக் காங்கிரீட் அங்கே போயிருக்கிறது. 5.3-ஐ விட அதிகமாக உயர்ந்தால் அது பயப்பட வேண்டிய செய்தி. சுவர் உள்ளே சரிந்து பைலின் இடுப்பு ஒடுங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு வண்டிக்கும் இதை ஒரு கட்டத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், எந்தக் கருவியும் இல்லாமல் பைலின் உருவம் தாளில் வந்துவிடும். முதல் அபட்மெண்டில் ஐந்தாவது பைலில் ஒரு வண்டிக்கு 4.1 மீட்டர்தான் உயர்ந்தது. ஏறக்குறைய 1.4 கன மீட்டர் காணாமல் போயிருந்தது. கேசிங்கை மணல் முடியும் முன்பே நிறுத்தியிருந்தார்கள், அந்த இடத்தில் மணல் சரிந்து வயிறு விழுந்திருந்தது. பைலுக்குக் கேடில்லை. ஆனால் அடுத்த பைலிலிருந்து கேசிங்கை ஒரு மீட்டர் கூடுதலாக இறக்கச் சொன்னோம்.

பி3-2-இல் முதல் வண்டிக்கு 4.9 மீட்டர், அடுத்து 4.4 கன மீட்டருக்கு 3.5 மீட்டர். மொத்தம் 10.4 கன மீட்டர். கணக்குப்படி வர வேண்டியது 9.5. பத்து விழுக்காட்டுக்கும் குறைவான கூடுதல், இந்த மண்ணில் சாதாரணம். ஒரு வாரம் கழித்து எடுத்த ஒலிச் சோதனையில் நான்கு குழாய்களுக்கிடையே எந்த ஆழத்திலும் தாமதம் இல்லை. தலையில் சுத்தியலால் தட்டிப் பார்த்த சோதனையிலும் அலை சரியான நேரத்தில் அடியைத் தொட்டுத் திரும்பியது, கெட்டியான ஒன்றின் மேல் நிற்கும் பைலில் வருவது போலவே.

எல்லாம் உண்மைதான். அந்தச் சோதனைகள் பைலைப் பற்றிப் பேசுகின்றன. பைலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

கட்டத்தாளில் ஒரு பல்

பத்து நாள் கழித்து, ஒப்பந்ததாரரின் பில்லுக்காக அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பைல்களின் அடிமட்டங்களை வரிசையாகக் கட்டத்தாளில் வரைந்தபோது, முதல் கரையிலிருந்து மூன்றாவது தூண் வரை கோடு மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தது. பி3-2 மட்டும் ஒரு பல் மாதிரி மேலே துருத்திக்கொண்டிருந்தது. அது வரை ஒவ்வொரு பைலின் தாளையும் தனித்தனியாகத்தான் பார்த்துவந்தோம். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி.

மற்ற மூன்றில் பாறையின் சராசரி ஆழம் 12.5. இதில் 8.4. பைல்களுக்கு நடுவே இடைவெளி 3.6 மீட்டர்தான். மூன்றரை மீட்டர் தூரத்தில் பாறை நான்கு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும்ப வேண்டும். அப்படி எழும்பாது என்று சொல்லிவிட முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியில் டோலரைட் வரிகள் சுவர் மாதிரி நிலத்துக்குள் நிற்பது உண்டு. கருப்பு கிரானைட் என்று வெட்டி ஏற்றுமதி செய்வது பெரும்பாலும் அதைத்தான். எங்கள் இளம் பொறியாளர் அதைத்தான் சொன்னார். ஆனால் டோலரைட் என்றால் சில்லு கன்னங்கரேலென்று இருக்கும். இரவில் நான் பார்த்தது சாம்பலும் வெள்ளையும் கலந்த நைஸ்.

சரி, மாதிரிப் பைகளைப் பார்ப்போம் என்று கிடங்குக்குப் போனேன். பாறைக்குள் குடையும்போது 30 சென்டிமீட்டருக்கு ஒரு பை என்று ஆழம் எழுதிக் கட்டி வைப்பது வழக்கம். பி3-2-க்கு நான்கு பைகள். நான்கையும் பிரித்து வெயிலில் செய்தித்தாளின் மேல் வரிசையாகக் கொட்டினேன்.

முதல் பை, 8.4 முதல் 8.7 வரை: லேசான பழுப்பு. இரண்டாவது: புதிய சாம்பல். மூன்றாவது: அதைவிடப் புதிது. நான்காவது, 9.3 முதல் 9.6 வரை: மறுபடி பழுப்பு.

அந்த வெயிலில் என் கைகால் சில்லிட்டுப்போனது. தாய்ப்பாறைக்குள் இறங்க இறங்கக் கல் தெளிந்துகொண்டே போக வேண்டும். நீர் உள்ளே போகப் போகக் குறைகிறது, கரும் அபிரகம் போன்ற கனிமங்களிலிருந்து இரும்பு கசிந்து துருவேறுவதும் குறைகிறது. உள்ளே போய் மறுபடி துருநிறம் வந்தால், அந்தப் பக்கமும் ஒரு விளிம்பு நெருங்குகிறது என்று பொருள். அன்று இரவு நான் பார்த்தது முதல் அரையடிச் சில்லுகளை மட்டும். கடைசிப் பை கட்டும்போது காலை ஒன்பது மணி. அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி எந்த விதியும் எங்களிடம் இல்லை. ஆழம் வந்துவிட்டதா என்று மட்டும்தான் விதி கேட்டது.

அன்று மாலை மனம் ஒப்பாமல் கரைமேல் நடந்தேன். தூணிலிருந்து இருநூறு மீட்டரில் ஒரு மாந்தோப்பு, அதில் ஒரு பழைய வெட்டுக் கிணறு. தோப்புக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். கிணறு வெட்டும்போது கல் எத்தனை அடியில் வந்தது என்று கேட்டேன்.

“எந்தக் கல்லக் கேக்கறீங்க சார்? இருபத்தஞ்சு அடியிலயே ஒண்ணு வந்துச்சு. பாறைதான்னு எங்கப்பா நெனச்சாரு. வெடி வெச்சு ஒடச்சா, ஆறடி கல்லு. கீழ மறுபடியும் மண்ணு. நெசமான பாறை நாப்பது அடிக்கு மேல போயிதான் வந்துச்சு.”

இருபத்தைந்து அடி என்றால் ஏறக்குறைய 7.6 மீட்டர். மண் ஆய்வு அறிக்கையில் இல்லாத தகவல் அந்தக் கிணற்று மேட்டில் இருந்தது. வேலை தொடங்கும் முன்பே கரையோரக் கிணறுகளை ஒரு சுற்று பார்த்திருந்தால் போதும். கிணற்றுச் சுவரில் எல்லாம் திறந்தே கிடக்கிறது.

சுமைச் சோதனை ஏன் போதாது

மறுநாள் கூட்டத்தில், ஒப்பந்ததாரர் தரப்பிலிருந்து நியாயமாகத் தோன்றும் ஒரு யோசனை வந்தது. சந்தேகம் இருந்தால் அந்தப் பைலிலேயே சுமைச் சோதனை வைத்துவிடலாம். பைல்களுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 2911-இன் நான்காம் பகுதிப்படி, வேலைச் சுமையைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 480 டன் ஏற்றி, இறக்கம் 18 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். வழக்கமாக மொத்தப் பைல்களில் அரை விழுக்காடு முதல் 2 விழுக்காடு வரைதான் இந்தச் சோதனை நடக்கும், அந்த ஒன்றை இங்கேயே வைத்துக்கொள்வோம் என்றார்கள்.

நான் மறுத்தேன். தோற்றுவிடும் என்ற பயத்தில் இல்லை, தேறிவிடும் என்ற பயத்தில். கல் மூன்று மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் அடிப்பரப்பு ஏழு சதுர மீட்டர். 320 டன் அதில் பரவினால் சதுர மீட்டருக்கு 45 டன் அளவில்தான் கீழ் மண்ணுக்குப் போகும். ஓரளவு இறுகிய மக்கிய மண் அதை ஒரு நாள் தாங்கிக்கொள்ளும். போதாததற்குப் பைலைச் சுற்றியிருக்கும் மண்ணும் பிடித்துக்கொண்டு உதவும்.

அந்த மண் நிரந்தரம் இல்லை என்பதுதான் விஷயம். வெள்ளம் வரும்போது தூணைச் சுற்றிப் படுகை அரிக்கும். பால அடித்தளங்களுக்கான விதிநூல் ஐஆர்சி 78 தரும் கணக்கில், ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு 10 கன மீட்டர் நீர், பருமணலுக்கான குணகம் 1.5 என்று போட்டால், சராசரி அரிப்பு ஆழம் 5.4 மீட்டர். தூணருகே அதன் இரு மடங்கு, வெள்ள மட்டத்திலிருந்து 10.9 மீட்டர். எங்கள் வெள்ள மட்டம் படுகைக்கு மேலே 4.6 மீட்டர். ஆக, படுகைக்குக் கீழே 6.3 மீட்டர் வரை மணலும் மண்ணும் போய்விடும் என்று வைத்துத்தான் பாலத்தை வடிவமைக்க வேண்டும். கோடையில் வைக்கும் சுமைச் சோதனையில் அந்த 6.3 மீட்டர் மண் பைலுக்குக் கைகொடுக்கும். வெள்ளத்தில் கொடுக்காது.

அப்போது பி3-2-இன் நிலை என்ன? 6.3 வரை வெறும் நீர். அடுத்து 2.1 மீட்டர் மண். அதன் கீழே ஒரு கல்லில் 1.2 மீட்டர் குடைந்து உட்கார்ந்திருக்கும் கால். அந்தக் கல்லோ மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. வண்டிகள் பிரேக் போடும் விசையும் நீரோட்டத்தின் தள்ளலும் பக்கவாட்டில் வரும்போது கல் அசையலாம், திரும்பலாம். பக்கத்திலிருக்கும் மூன்று பைல்களும் தாய்ப்பாறையில் பிடித்து நிற்க, ஒன்று மட்டும் இளகினால் அதன் பங்குச் சுமையும் அந்த மூன்றின் தலையில் விழும். இதை எந்தக் கோடைச் சோதனையும் காட்டாது.

பைலின் நடுவில் துளையிட்டுக் கீழே போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். வாக்குவாதம் இரண்டு நாள் நீண்டது. கடைசியில் அந்தக் கட்டத்தாளும் நான்கு பைகளும்தான் பேசின. வடிவமைப்பு அலுவலகத்திலிருந்து வந்த மூத்தவர் நான்காவது பையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “துளை போடுங்க” என்று மட்டும் சொன்னார்.

துளை சொன்னது

வைர முனை கொண்டு 76 மில்லிமீட்டர் துளை. மூன்று நாள் ஆனது. முதலில் காங்கிரீட், தேன்கூடு போன்ற பொத்தல் ஒன்றுகூட இல்லாத நல்ல காங்கிரீட். 9.6-இல் காங்கிரீட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் வண்டல் தடம் இல்லை, இரண்டும் ஒட்டியே வந்தன. எங்கள் துப்புரவு நன்றாகத்தான் நடந்திருக்கிறது. பிறகு 70 சென்டிமீட்டர் கல். 10.3-இல் முனை தடாலென்று இறங்கியது.

அங்கிருந்து மஞ்சள் கலந்த மக்கிய மணல். 10.8-இல் அடித்துப் பார்த்த எஸ்பிடி எண் (மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் அடி எண்ணிக்கை) 22, 11.8-இல் 31. 12.5-இல் மறுபடி கல். இந்த முறை ஏமாறக் கூடாது என்று 16.5 மீட்டர் வரை போனோம். நான்கு மீட்டரும் தொடர்ச்சியான நைஸ், கீழே போகப் போகத் தெளிந்துகொண்டே வந்தது. பக்கத்துப் பைல்களின் 12.1, 12.6, 12.9-ஓடு இந்த 12.5 கச்சிதமாகப் பொருந்தியது. இடையில் இருந்தது 1.9 மீட்டர் தடிமனுள்ள ஒரு குண்டுக்கல்.

சரிசெய்ய மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. கல்லுக்கு அடியில் சிமெண்ட் பால் செலுத்தலாம் என்றார்கள். எங்கே போனது, எவ்வளவு இறுகியது என்று நிரூபிக்க வழியில்லாத மருந்து அது, நான் ஒப்புக்கொள்ளவில்லை. பைலுக்குள்ளேயே துளையைப் பெரிதாக்கி இரும்புத் தண்டுகளைத் தாய்ப்பாறைவரை இறக்கலாம் என்றது இரண்டாவது. 320 டன்னுக்கு அது எட்டவில்லை. கடைசியில் செய்தது, பி3-2-ஐக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு அதன் இருபுறமும் 2ஏ, 2பி என்று இரண்டு புதிய பைல்கள். பைல்குழுவின் நடுப்புள்ளி தூணின் நடுவிலிருந்து விலகியதால் ஒவ்வொரு பைலுக்கும் வரும் சுமையை மறுபடி கணக்கிட்டு, பைல் தலைகளை இணைக்கும் கேப்பை அகலமாக்கிக் கம்பியைக் கூட்டினார்கள்.

பழைய பைலின் தலையைக் கேப்பின் அடியிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே வெட்டி, இடையில் தெர்மாகோல் வைத்துப் பிரித்தோம். சிலர் அது வீண் வேலை என்றார்கள், இருக்கிற பைல் தொட்டுக்கொண்டு இருந்தால் நல்லதுதானே என்று. நல்லதில்லை. தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் சுமையை இழுத்துக்கொள்ளும், என்றோ ஒரு நாள் கைவிடும். கைவிடப்போகிறவனை முதலிலேயே வரிசையில் சேர்க்காமல் இருப்பதுதான் கேப்புக்குப் பாதுகாப்பு.

முடித்திருந்த மற்ற பைல்களையும் சும்மா விட மனமில்லை. அடிமட்டங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனாலும், ஒரே அகலமான கல்லின் மேல் நான்கும் நிற்கலாமே. முதல் அபட்மெண்டிலும் மூன்று தூண்களிலும் தலா ஒரு பைலில் அடிவரை துளைத்துப் பார்த்தோம். நான்கிலும் தாய்ப்பாறை.

போர்வெல் வண்டி

மீதி இருந்தவை 14 பைல்கள். ரிக் நிற்கும் முன்பே ஒவ்வொரு பைலின் இடத்திலும் ஒரு சிறு துளை போட்டு, எதிர்பார்க்கும் அடிக்குக் கீழே மூன்று விட்டம், அதாவது 3.6 மீட்டர் வரை போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். எல்லா இடத்திலும் வைர முனையால் துளைக்க நேரமில்லை. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஒன்றை வரவழைத்தோம். காற்றுச் சுத்தியலால் ஒரு நாளில் மூன்று நான்கு துளை முடியும். அது கோர் (முழுசான பாறைத் தண்டு) தராது, தூசிதான் தரும். ஆனால் இந்த வேலைக்குத் தூசி போதும்.

அந்த வண்டியின் டிரில்லரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. கைப்பிடியில் ஒரு கை, கண் தூசியில், காது சுத்தியலில். கல்லுக்குள் போகும்போது ஒரு சீரான அடி. அடிவிளிம்பு நெருங்கும்போது ஓசை மந்தமாகும், தூசி வெளுப்பிலிருந்து பழுப்புக்கு மாறும், பிறகு ராடு ஒரு குலுக்கலோடு இறங்கும். “கல்ல விட்டு வெளிய வந்துட்டோம் சார்” என்று அவர் சொன்னபோது நாங்கள் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். நான்காவது தூணில் ஓரிடத்தில் 7.9 மீட்டரில் 1.1 மீட்டர் தடிமனான கல். இரண்டாவது அபட்மெண்டில் இன்னொன்று. பழைய விதிப்படி போயிருந்தால் அந்த நான்காவது தூணின் கல்லை ரிக்கே குடைந்து தாண்டியிருக்கும், பாறைக்குள் குடையும் 1.2 மீட்டர் சாக்கெட் அதைவிட நீளம் என்பதால். அபட்மெண்டில் இருந்தது 1.6 மீட்டர். அதில் நின்றிருப்போம்.

விதித் தாளையும் மாற்றினோம். பாறை தொடங்கிய ஆழம் பக்கத்துப் பைலைவிட ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் வேலை நிற்கும், துளை போட்ட பிறகுதான் தொடரும். கடைசி 30 சென்டிமீட்டர் சில்லைக் கழுவி, முதல் பையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவுத் தாளில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. அடிமட்ட வரைபடம் தள அலுவலகச் சுவரில் தொங்கும், ஒவ்வொரு பைல் முடிந்ததும் அன்றைக்கே ஒரு புள்ளி ஏறும். அந்தத் தாளுக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. துளைகளுக்கும் இரண்டு புதிய பைல்களுக்கும் ஆன செலவை யார் ஏற்பது என்ற பேச்சு நீண்டது, அதை இங்கே இழுக்க விரும்பவில்லை. வேலை ஜூனுக்குள் முடியவில்லை, மூன்றாவது தூணின் கேப்பை மழைக்குப் பிறகுதான் வார்த்தோம்.

2024 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, 2024 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். கீழே திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்பெண்ணையின் மேல் அகரம்பள்ளிப்பட்டில் கட்டி சில மாதங்களே ஆன பாலம் அந்த வெள்ளத்தில் போனது. செய்தி வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் அப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருந்தேன். நீர் வடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

பாலம் நின்றது. மூன்றாவது தூணருகே படுகை 1.9 மீட்டர் இறங்கியிருந்தது. வெள்ளம் ஓடும்போது இதைவிட ஆழமாக அரித்துவிட்டு, வடியும்போது மணலை மறுபடி நிரப்பிவிட்டுப் போயிருக்கும் என்பதால் மிச்சமிருந்த பள்ளத்தை வைத்துக் கணக்கிட முடியாது. கேப்பின் அடிவிளிம்பு வெளியே தெரிந்தது, அதற்குக் கீழே ஒரு கை நுழையும் இடைவெளி. பராமரிப்புக் குழுவினர் தூண்களின் மேல் மட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தூணின் அளவை அவர்கள் நோட்டில் எழுதும்வரை பக்கத்திலேயே நின்றேன். பழைய அளவுக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இல்லை.

கரையேறும்போது தோப்புக்காரர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். கிணறு கைக்கெட்டும் அளவுக்கு நிரம்பியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார்.

“அந்தக் கல்லு என்னாச்சு சார்?”

“அங்கேயேதான் இருக்குங்க ஐயா. அது மேல இப்ப எந்தப் பாரமும் இல்ல.”